நாம்சாங் விலக்கில் திரும்பிய வண்டி

மரியாதைக்குச் சொன்ன ஒரு வார்த்தை ஆளையே கவிழ்த்துவிடும் என்பது ஒக்சிமுக்கு அந்தக் குளிர்காலத்தில்தான் தெரிந்தது. சொன்னவன் அவள் புருஷன் மான்சொக். சொன்ன இடம் ஆஸ்பத்திரிக் கட்டில். கேட்டவர் தொழிலாளர் விபத்துக் காப்பீட்டு அதிகாரி. "எதுக்காக அந்தப் பக்கம் போனீங்க?" என்று அவர் கேட்டார். மான்சொக் தலையணையிலிருந்து தலையைத் தூக்கி, "என்னை யாரும் அனுப்பலைங்க. அங்க எனக்கு வேலையும் இல்லை. மனசு கேக்காம நானா போனேன்" என்றான். அதிகாரி அதை அப்படியே எழுதிக்கொண்டு போய்விட்டார்.

"நானா போனேன்னா சொன்னான்?" சிப்பிக் கொட்டகையில் பக்கத்தில் நின்ற சுக்ஜா அக்கா கத்தியைக் கீழே வைத்துவிட்டாள். "ஏண்டி, எழவு வீட்டுக்குப் போனவன் எவனாவது 'என்னை அனுப்பினாங்க, வந்தேன்'னு சொல்வானா? அதெல்லாம் ஒரு பேச்சுக்குச் சொல்றது. அதைப் போய் எழுதிக்கிட்டாரா அந்த ஆளு?"

"எழுதறதுதானே அவர் வேலை, அக்கா."

"அடப்பாவமே. நாளைக்கு என் வீட்டுக்கு எவனாவது வந்து 'சாப்பிட்டேன், வேணாம்'னு சொன்னா, பசியில்லைன்னு எழுதிக்குவாரு போல."

கொட்டகையில் நின்ற பெண்கள் சிரித்தார்கள். கொஹுங் கடற்கரையில் ஜனவரி என்றால் சிப்பி உடைக்கிற காலம். ரப்பர் அங்கியும் கையுறையுமாக விடியலிலிருந்து நின்றபடியே உடைக்க வேண்டும். ஓட்டின் இடுக்கில் கத்தியைச் செருகி, ஒரு திருகு திருகி, சதையை வழித்து வாளியில் போட வேண்டும். விரல் மரத்துப்போனால் நடுவில் இருக்கும் வெந்நீர் அண்டாவில் கையுறையோடு முக்கி எடுத்துக்கொள்ளலாம். ஒக்சிமும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே திருகியதில் கத்தி வழுக்கிக் கையுறையில் இறங்கியது.

"பார்த்துடி. வீட்டுல ஒருத்தர் படுத்தா போதும்" என்றாள் சுக்ஜா அக்கா.

மான்சொக் டவுனில் ஒரு பட்டறையில் மெக்கானிக். கடல்பாசியைத் தாளாகக் காயவைக்கிற மெஷின்களை அந்தப் பட்டறை செய்து விற்றது, விற்றதைப் பழுது பார்த்தும் கொடுத்தது. அன்றைக்குப் பட்டறை முதலாளி யாங் அவனை வாண்டோ தீவுக்கு அனுப்பினார். அங்கே பட்டறையின் பழைய வாடிக்கைக்காரனான தொக்பேயின் பாசித்தாள் ஃபேக்டரியில் காற்றாடி எரிந்துபோய்விட்டது, புதுசு மாட்ட வேண்டும். மான்சொக் சாயங்காலத்துக்குள் மாட்டிவிட்டான். தீவுப் பாலத்தைத் தாண்டி வந்தால் நாம்சாங் விலக்கு. வலது பக்கம் திரும்பினால் காங்ஜின் வழியாக வீடு. இடது பக்கம் ஹேனாம் டவுன். அவன் இடது பக்கம் திரும்பினான்.

ஹேனாம் துக்க மண்டபத்தில் தொக்பேயின் தாயார் கிடத்தப்பட்டிருந்தாள். முந்தின நாள்தான் கண்ணை மூடியிருந்தாள். மான்சொக் போய் வணங்கினான். கொடுத்த காரச் சாற்றில் சோற்றைக் கரைத்துச் சாப்பிட்டான். ஒரு சொட்டு சோஜு சாராயம்கூடத் தொடாமல் வண்டியை எடுத்தான். மண்டபத்துச் சரிவு உறைந்து கண்ணாடி மாதிரி கிடந்தது. சின்ன லாரி சறுக்கிக்கொண்டே போய் வயலில் விழுந்தது. வலது காலில் தொடையிலும் முழங்காலிலும் எலும்பு நொறுங்கிவிட்டது.

விஷயம் இதுதான். வேலைக்காக வெளியூர் போகிறவன் கிளம்பியதிலிருந்து வீடு திரும்பும்வரை வேலையில் இருப்பதாகத்தான் கணக்கு. நடுவில் சொந்தக் காரியமாக வழி மாறிப் போனால் அந்தப் பங்கு கணக்கில் வராது. விலக்கில் இடது பக்கம் திரும்பியது யாருக்காக? இந்தக் கேள்விக்குப் பதில் சரியாக இருந்தால் ஆபரேஷன், பயிற்சி, கால் ஊன்றும்வரை சம்பளத்தில் பெரும்பங்கு எல்லாம் காப்பீட்டில் வரும். இல்லையென்றால் ஒக்சிம் உடைக்கிற சிப்பிதான் எல்லாவற்றுக்கும்.

அதிகாரி நல்லவர். போனில் கூப்பிட்டுச் சொன்னார்: "அம்மா, அவர் சொன்னதை வச்சுப் பார்த்தா நிராகரிக்கத்தான் வேண்டியிருக்கும். விட்டுப்போனது ஏதாவது இருந்தா வெள்ளிக்கிழமை நான் வார்டுக்கு வரேன், சொல்லச் சொல்லுங்க. அதுக்கப்புறம் மேலே அனுப்பிடுவேன்."

அன்று மத்தியானம் ஒக்சிம் கொட்டகையிலிருந்து நேராக ஆஸ்பத்திரிக்குப் போனாள். தூக்கில் சிப்பிக் கஞ்சி இருந்தது. மான்சொக்கின் கால், கம்பியும் கயிறுமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. கட்டிலடியில் சத்து பானப் பெட்டி ஒன்று புதிதாக முளைத்திருந்தது.

"முதலாளி வந்தாரா?"

"வந்தார். 'அரசாங்கத்து விவகாரமெல்லாம் எதுக்கு மான்சொக், சொந்தக் காரியமாப் போனதுன்னே இருக்கட்டும், ஆஸ்பத்திரிச் செலவை நானே பாத்துக்கறேன்'னார்."

"எதுவரைக்கும் பாத்துக்குவாராம்?"

"அதைச் சொல்லலை."

"இந்த ஆஸ்பத்திரியை விட்டு நாம கிளம்பினா அப்புறம் அவருக்கு நம்ம வீட்டு வழி தெரியாது. நீங்களும் தலையாட்டினீங்களா?"

"படுத்திருக்கறவன் தலையை எப்படி ஆட்டறது?" என்றான் மான்சொக்.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு கஞ்சியை ஊட்டினாள். இரண்டு வாய் வாங்கிக்கொண்டு, "இஞ்சி போட்டிருக்கே" என்றான். போட்டிருந்தாள். கல்யாணமான நாளிலிருந்து அவன் எதையாவது சொல்லாமல் மறைத்தால் சாப்பாட்டைப் பற்றிப் பேசுவான். அவளுக்கு அது தெரியும்.

"இங்க பாருங்க. அதிகாரி கேட்டப்ப தொக்பே அண்ணன் பக்கத்துல நின்னுகிட்டிருந்ததால மரியாதைக்குச் சொன்னீங்க, சரி. வெள்ளிக்கிழமை அதிகாரி தனியாத்தான் வருவார். முதலாளிதான் போகச் சொன்னார்னு சொல்லிடுங்களேன்."

"அவர் சொல்லலையே."

"சொல்லலைதான்..."

"பின்ன? காலுக்காகப் பொய் சொல்லச் சொல்றியா?"

"அப்ப எதுக்குத்தான் போனீங்க?"

"அந்த அம்மா எனக்கு எத்தனை தடவை சோறு போட்டிருக்கா தெரியுமா? மெஷின் பார்க்கப் போனா 'முதல்ல உக்காரு, இரும்பு எங்கயும் ஓடாது'ம்பா. கும்பிடத்தான் போனேன்."

"அது மட்டும்தானா?"

மான்சொக் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான். "கஞ்சி நல்லா இருக்கு" என்றான்.

புதன்கிழமை கொட்டகைக்கு லீவு சொல்லிவிட்டு, ஒரு டப்பா நிறையச் சிப்பியை உப்பு நீரில் போட்டு எடுத்துக்கொண்டு ஒக்சிம் வாண்டோவுக்கு பஸ் ஏறினாள். மூன்று பஸ் மாற வேண்டும். நாம்சாங் விலக்கில் பஸ் நின்றபோது ஜன்னலைத் துடைத்துவிட்டு ஹேனாம் போகிற பாதையைப் பார்த்தாள். சாதாரணப் பாதை. முள்ளங்கி விற்கிற ஒரு தார்ப்பாய்க் கடை, அதற்குப் பக்கத்தில் ஒரு நாய். இந்த இடத்தில் கையை ஒரு திருப்பு திருப்பியதற்கா இவ்வளவும் என்று நினைத்தாள்.

தொக்பேயின் ஃபேக்டரி கடலைப் பார்த்து நின்றது. படகில் வந்த பாசி குழாய் வழியாக உள்ளே போய், கழுவப்பட்டு, நறுக்கப்பட்டு, மூங்கில் பாய் மாதிரியான சட்டங்களில் விரிந்து, வெந்த காற்றுக்குள் ஊர்ந்துபோய் மறுபக்கம் கறுத்த தாளாக வந்து விழுந்துகொண்டிருந்தது. பருவத்தில் அந்த மெஷின் நிற்காது. அறுத்த பாசி ஒரு ராத்திரி தங்கினால் அழுகிப்போகும். மூட்டை கட்டிக்கொண்டிருந்த ஒரு பெண் ஒக்சிமைப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டு ஓடி வந்தாள்.

"மெக்கானிக் வீட்டுக்காரியா? அண்ணனுக்குக் கால் எப்படி இருக்கு? அன்னிக்கு அவர் போன் மட்டும் வரலைன்னா எங்க பாசி எல்லாம் குப்பைதான் தெரியுமா?"

"என்ன போன்?"

"மண்டபத்துல இருந்து பண்ணினாரே! புதுக் காத்தாடி மாட்டியாச்சு, ஆனா எவ்வளவு சூடு வைக்கிறதுன்னு யாருக்குத் தெரியும்? இந்த வாரத்துப் பாசி இலை கொஞ்சம் தடிப்பு. சூடு ஏறினா சுருங்கும், இறங்கினா பிசுபிசுக்கும். எங்க முதலாளிதான் இலையைத் தொட்டுப் பார்த்துச் சொல்லுவார். அவர் மண்டபத்துல இருக்கார், போனும் அணைஞ்சு கிடக்கு. அண்ணன்தான் 'நான் கும்பிடப் போறேன்ல, ஒரு பிடி இலை குடுங்க, காமிச்சுக் கேட்டுட்டு அங்க இருந்து சொல்றேன்'னு ஒரு பையில போட்டு வாங்கிட்டுப் போனார். போய்ச் சேர்ந்து கொஞ்ச நேரத்துல கூப்பிட்டுச் சொல்லிட்டார்."

ஒக்சிம் அப்படியே நின்றுவிட்டாள். வேலைதான். முழுக்க முழுக்க வேலைதான். இதை ஏன் இந்த மனிதன் கட்டிலில் படுத்துக்கொண்டு விழுங்குகிறான்?

"உங்க முதலாளி போனை ஏன் அணைச்சு வச்சிருந்தார்?"

அந்தப் பெண் குரலைத் தாழ்த்தினாள். "அவர் அணைக்கலை. அவரோட பெரியக்கா பிடுங்கி வச்சுக்கிட்டாங்க. 'மூணு நாள் நீ அம்மாவுக்குப் பிள்ளை, ஃபேக்டரிக்கு முதலாளி இல்லை'ன்னு. அவங்க அப்பா செத்தப்ப என்ன நடந்ததுன்னு தெரியும்ல? பெட்டியில வைக்கிற நேரத்துக்குத் மூத்த மகனைக் காணோம். மெஷின் பார்க்க ஓடிட்டார். அக்காகாரி அதுக்கப்புறம் வருஷக்கணக்கா முகம் குடுத்துப் பேசலை. அம்மா படுத்த படுக்கையானதுக்கப்புறம்தான் இந்த வீட்டு வாசலையே மிதிச்சாங்க. இப்பவும் இங்கதான் இருக்காங்க. சமையல் அவங்கதான்."

எல்லாம் புரிந்துவிட்டது. அதிகாரி கேள்வி கேட்ட அன்று கட்டிலுக்குப் பக்கத்தில் தொக்பே மட்டும் நிற்கவில்லை. அந்த அக்காவும் சாற்றுத் தூக்கோடு நின்றாள். தாய் கிடக்கிற இடத்தில் தொக்பே பாசிப் பேச்சு பேசினான் என்று அவளுக்குத் தெரிந்தால், இப்போதுதான் ஒட்டிய சட்டி மறுபடி உடையும். மான்சொக் தன் காலைக் கொடுத்து அதைத் தாங்கிக்கொண்டிருந்தான்.

'இதை உங்ககிட்ட வந்து நான் எப்படிக் கேக்கறது?' என்று மனசுக்குள் தொக்பேயிடமே கேட்டாள். பஸ்ஸுக்குத் திரும்பி நடந்துவிடலாமா என்று வாசலைப் பார்த்தாள். வாசலில் தொக்பேயின் பெரியக்கா மல்ரே நின்றுகொண்டிருந்தாள். சிறிய உருவம், பெரிய கரண்டி.

"அங்க என்ன பேச்சு? ஆறுது. வா உள்ளே."

ஃபேக்டரிக்குப் பின்னாலிருந்த சமையலறையில் தரை இதமாகச் சுட்டது. தாழ்ந்த மேசையில் பாசிச் சூப், பொரித்த மீன், முள்ளங்கிக் கிம்ச்சி ஊறுகாய். அன்றைக்கு விழுந்த பாசித்தாளை எண்ணெய் தடவித் தணலில் காட்டி அடுக்கி வைத்திருந்தாள். தொக்பே தலையைக் குனிந்துகொண்டு வந்து உட்கார்ந்தான். துக்க நாட்களில் மழிக்காத தாடி இன்னும் இருந்தது.

"தம்பிக்கு எப்படி இருக்கு, தங்கச்சி?"

"இருக்கார், அண்ணே. ரெண்டாவது ஆபரேஷன் சொல்லியிருக்காங்க."

"சாப்பிடு."

மல்ரே அக்கா சிப்பி டப்பாவைத் திறந்து முகர்ந்து பார்த்தாள். ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். ஒக்சிமையே பார்த்தபடி மென்றாள்.

"நல்ல சிப்பி. ஆனா எனக்குச் சிப்பி குடுக்கறதுக்கு மூணு பஸ் மாறி வந்தவ இல்லை நீ. விஷயத்தைச் சொல்லு."

"ஒண்ணுமில்லைக்கா. அம்மா படத்தை ஒரு தடவை வணங்கிட்டுப் போகலாம்னு..."

"வணங்கிட்டியா?"

"இன்னும் இல்லை."

"வணங்க வந்தவ சோத்துல முதல்ல கை வைக்க மாட்டா." அக்கா கரண்டியை மேசையில் தட்டினாள். "எனக்குப் பிடிக்காதது ஒண்ணே ஒண்ணுதான். மென்னு முழுங்கறது. வாய்க்குள்ள இருக்கறதைத் துப்பு."

ஒக்சிம் வாயைத் திறந்தாள். தொக்பேயின் முகம் அவள் கண்ணில் பட்டது. நடுச்சந்தியில் பிடிபட்ட திருடன் முகம் அது. வாயை மூடிக்கொண்டாள். அவன் கையிலிருந்த சாப்பாட்டுக் குச்சிகளைக் கீழே வைத்தான்.

"அக்கா, இவ கேக்க மாட்டா" என்றான். "அவ புருஷனும் சொல்ல மாட்டான். நான்தான் சொல்லணும். அன்னிக்கு மண்டபத்துல மான்சொக் கும்பிட்டு எழுந்தான். சாப்பிட்டான். என்கிட்ட இலையை எப்படிக் காட்டறதுன்னு தெரியாம பையை உள்ளங்கையில மடக்கி வச்சுக்கிட்டுத் தவிச்சான். நான் பார்த்துட்டேன். நானேதான் அவன் சட்டையைப் பிடிச்சு இழுத்துட்டுப் போனேன். இலையை வாங்கித் தடவிப் பார்த்தேன். சூடு எவ்வளவு வைக்கணும், காத்து எவ்வளவுன்னு ஒவ்வொண்ணாச் சொன்னேன். அம்மா உள்ளே பெட்டியில கிடக்கறா, நான் வெளியே பாசி பேசினேன். அவன் கும்பிட மட்டும் வரலை. வேலையை முடிக்கத்தான் வந்தான். நான் அசிங்கப்படக் கூடாதுன்னு எல்லாத்தையும் அவன் தலையில போட்டுக்கிட்டான். வெள்ளிக்கிழமை அதிகாரி வர்றாராம், அதுக்குள்ள இதைச் சொல்லலைன்னா அவனுக்குக் காப்பீடு கிடைக்காது."

அடுத்த கட்டடத்தில் மெஷின் ஓடுகிற சத்தம் தரை வழியாக வந்தது. மல்ரே அக்கா மீனில் ஒரு முள்ளை எடுத்து ஓரமாக வைத்தாள். அப்புறம் கேட்டாள்.

"எங்க நின்னு பேசினே?"

"செருப்பு அலமாரிப் பக்கத்துல."

"அங்க இருந்து அம்மா படம் தெரியுமா?"

"தெரியாது அக்கா. தெரியாத இடமாத்தான் பார்த்து..."

"முட்டாள்!" அக்காவின் கரண்டி இந்த முறை அவன் தோளில் விழுந்தது. "அம்மாவுக்குக் கேக்கற மாதிரி நின்னு பேசியிருக்கணும்டா. கடைசி வாரத்துல மூக்குல குழாயோட கிடந்தாளே, என்னைக் கிட்ட கூப்பிட்டு என்ன கேட்டாள்னு நினைக்கறே? 'இன்னிக்குப் பாசி சரியாக் காஞ்சுதா'ன்னு கேட்டா. எனக்குக் கோவம். பெத்த பொண்ணு பக்கத்துல உக்காந்திருக்கேன், பாசியைக் கேக்கறாளேன்னு. நீ அலமாரிப் பக்கத்துல ஒளிஞ்சு பேசாம படத்துக்கு முன்னாடி பேசியிருந்தா, அவ அன்னிக்கு நிம்மதியாப் போயிருப்பா."

தொக்பே இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டான். அவன் தோள்கள் குலுங்கின. அக்கா அவனைத் தேற்றவில்லை.

"அப்பா விஷயம் வேற" என்றாள். "அதை நான் மன்னிக்கலை. மன்னிக்கவும் மாட்டேன். அன்னிக்குப் பாசி ஒரு மணி நேரம் காத்திருந்திருக்கும், அப்பா காத்திருக்க மாட்டார். அதை இதோட சேர்த்துக் கழிச்சுடலாம்னு பார்க்காதே." குரல் இறங்கியது. "ஆனா உன் மானத்துக்கு இன்னொருத்தன் காலையா விலை வைப்பே? அவன்தான் கட்டில்ல கிடக்கறான். நீயாவது வாயைத் திறந்திருக்க வேணாமா?"

"வேணும்தான் அக்கா."

"தினம் ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணி எப்படியிருக்கான்னு கேட்டியே, வெக்கமா இல்லை? எழுந்து சாப்பிடு. வெள்ளிக்கிழமையா அதிகாரி வர்றார்? மெஷினை அந்த மூட்டை கட்டற பொண்ணு பாத்துக்குவா. நாம போறோம்."

பிறகு ஒக்சிமின் கிண்ணத்தில் ஒரு மீன் துண்டை எடுத்து வைத்தாள். "நீ சாப்பிடு. சாப்பிட்டுட்டு வணங்கு. ஒழுங்கு தப்பினா பரவாயில்லை. அம்மாவும் முதல்ல சோறுதான் போடுவா."

வெள்ளிக்கிழமை வார்டில் மான்சொக்கின் கட்டிலைச் சுற்றி இடமில்லை. அதிகாரிக்கு ஸ்டூல் கொடுத்தார்கள். தொக்பே சுவரோரம் நின்றான். மல்ரே அக்கா அடுத்த நோயாளியின் கட்டில் நுனியில் உட்கார்ந்து, அவருக்கே ஆரஞ்சு உரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். இதெல்லாம் தெரியாமல் முதலாளி யாங் இன்னொரு சத்து பானப் பெட்டியோடு உள்ளே நுழைந்து, திரும்பிப் போகவும் முடியாமல் வாசலில் மாட்டிக்கொண்டார்.

தொக்பே எல்லாவற்றையும் சொன்னான். சட்டையைப் பிடித்து இழுத்தது, இலையைத் தடவியது, மண்டபத்து முற்றத்திலிருந்து மான்சொக் ஃபேக்டரிக்குப் போன் செய்தது எல்லாம். மான்சொக் இரண்டு தடவை "அண்ணே, வேணாம்" என்றான். மல்ரே அக்கா, "நீ சும்மா இருப்பா. உன் பேச்சைக் கேட்டுத்தான் இவ்வளவும்" என்றாள்.

அதிகாரி பேனாவை நிறுத்தினார். "சரி, மான்சொக். இப்ப நீங்களே சொல்லுங்க. ஹேனாமுக்குப் போனது கும்பிடறதுக்கா, வேலைக்கா?"

மான்சொக் கூரையைப் பார்த்தான். "கும்பிடப் போகணும்னு காலையிலேயே நினைச்சிருந்தேன். சூடு வைக்கிற வேலையும் பாக்கி இருந்தது. ரெண்டும் ஒரே பாதையில இருந்தது. எதுக்குப் போனேன்னு கேட்டா நான் எப்படி அறுத்துச் சொல்றது? வேலைக்குன்னு சொன்னா அந்த அம்மாவைக் கும்பிட்டது பொய்யாயிடுமே."

"பொய்யாகாதுடா" என்றாள் மல்ரே அக்கா. "உன் மனசு எங்க அம்மாவைப் பார்க்கப் போச்சு. கால் வேலைக்குப் போச்சு. உடைஞ்சது கால்தானே? மனசுக்கு யாரும் இங்க காசு கேக்கலையே. எழுதிக்கோங்க தம்பி."

"அப்படியெல்லாம் எழுத முடியாதும்மா." அதிகாரிக்கே உதட்டோரம் சிரிப்பு வந்துவிட்டது. "எனக்கு மனசு வேணாம். என்ன நடந்தது, எந்த வரிசையில நடந்ததுன்னு சொன்னா போதும்." திரும்பி வாசலைப் பார்த்தார். "நீங்கதானே பட்டறை முதலாளி? ஒரு விஷயம் சொல்லுங்க. காத்தாடியை மாட்டிட்டா இவர் வேலை முடிஞ்சுதா? சூடு வைக்கிறது வாடிக்கைக்காரர் பாடு, இல்லையா?"

யாங் அதுவரை சுவரோடு சுவராக நின்றிருந்தவர். இந்தக் கேள்வியில் தொழில்காரருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

"யார் சொன்னது? காத்தாடியை மாட்டிட்டு, சூடு வைக்காம, ஒரு தாள் காய விட்டுப் பார்க்காம வர்றதுக்கு எங்க பட்டறை என்ன நடைபாதைக் கடையா? அப்படி ஒருத்தன் திரும்பி வந்தா ராத்திரியோட ராத்திரியா நானே அவனைத் திருப்பி அனுப்புவேன். எங்க மெஷின் எங்கயும் அரைகுறையா..."

நிறுத்திக்கொண்டார். வார்டு முழுக்க அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. அடுத்த கட்டில் நோயாளிகூட ஆரஞ்சை வாயில் வைத்தபடி பார்த்தார்.

"அப்ப சூடு வைக்கிறதும் வேலையில சேர்ந்ததுதான்" என்றார் அதிகாரி, எழுதிக்கொண்டே.

யாங் கையிலிருந்த பெட்டியைப் பார்த்தார், மான்சொக்கின் காலைப் பார்த்தார். "சேர்ந்ததுதான்" என்றார், சின்னக் குரலில். பிறகு பெட்டியைக் கிழித்து எல்லோருக்கும் ஆளுக்கொரு பாட்டில் கொடுக்க ஆரம்பித்தார். அதிகாரி மட்டும் வாங்கவில்லை.

பிப்ரவரி முடிந்து குளிர் இளகியபோது அதிகாரி கூப்பிட்டார். ஒக்சிம் கொட்டகையில் இருந்தாள். கையுறையைக் கழற்ற நேரமில்லாமல் சுக்ஜா அக்காதான் போனை அவள் காதில் பிடித்துக்கொண்டாள். அதனால் விஷயம் சுக்ஜா அக்காவுக்கும் அதே நொடியில் தெரிந்துவிட்டது. "ஒத்துக்கிட்டாங்கடி!" என்று அவள் கத்திய கத்தலில் அண்டா நீரே தளும்பியது. யாரோ ஒருத்தி எழுந்து ஆடினாள். ஒக்சிம் ஆடவில்லை. சிப்பி ஓட்டுக் குவியல் மேல் அப்படியே உட்கார்ந்து, ஈரக் கையுறையால் முகத்தைத் துடைத்து, முகமெல்லாம் உப்பாகி அழுதாள்.

ஆஸ்பத்திரியில் மான்சொக் இரண்டு கம்பிகளுக்கு நடுவே நடந்து பழகிக்கொண்டிருந்தான். அவள் சொன்னதும் நின்றான். நெற்றியில் வேர்வை.

"வேலைன்னே எழுதிட்டாங்களா?"

"வேலைன்னுதான். இப்பவும் உறுத்துதா உங்களுக்கு?"

அவன் கொஞ்ச தூரம் நடந்தான். வலது கால் பயந்து பயந்து தரையைத் தொட்டது. திரும்பி வந்து கம்பியில் கையூன்றி நின்றான்.

"ஞாயித்துக்கிழமை அந்த அம்மா தவறி நாப்பத்தொன்பதாம் நாள் பூஜை. வாண்டோ கோயில்ல. அண்ணன் சொல்லிவிட்டிருக்கார். டாக்டர்கிட்ட கேட்டுட்டேன், ஒரு நாள் வெளியே போயிட்டு வரலாமாம்."

"இந்தக் காலோடயா? கோயிலுக்கு எத்தனை படி இருக்கு தெரியுமா?"

"நீ ஒரு பக்கம் பிடிச்சுக்கோ. தொக்பே அண்ணன் ஒரு பக்கம் பிடிச்சுக்குவார்."

"நடுவுல வழுக்கி விழுந்து வச்சீங்கன்னா? மறுபடி அந்த அதிகாரி வந்து பேனாவைத் திறப்பார்."

"திறக்கட்டுமே." மான்சொக் பல வாரங்களுக்குப் பிறகு பல் தெரியச் சிரித்தான். "இந்த தடவை கையில இலை இல்லை, மெஷின் இல்லை, யாரும் அனுப்பவும் இல்லை. விழுந்தா அது முழுக்க முழுக்க என் சொந்தக் காரியம். அப்படியே எழுதிக்கச் சொல்லு."

ஒக்சிம் அவன் இடுப்பைச் சுற்றிக் கையைப் போட்டாள். இருவருமாகக் கம்பியை விட்டு ஒரு எட்டு வெளியே வைத்தார்கள்.